அவளிடம் தட்டு, என்னிடம் ஊசி

விளாங்குடி, மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவதாரிணிக்கு,

பொறாமையில் நான் நம் பூனை மொக்கையனுக்கு இன்சுலினைக் கூட்டிப் போட்டேன் என்று இந்தத் தெருவில் பேசிக்கொள்வது உண்மையல்ல. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட நான் போடவில்லை. இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன், ஏனென்றால் இதற்குள் நீ வேறு வாயால் வேறு விதமாகக் கேட்டிருப்பாய். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது வலிக்கிறது. பூனை பிழைத்துவிட்டது, இதை எழுதும்போது ஜன்னல் திட்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்து மழையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குழாய் பதிக்கிறோம் என்று நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வீட்டுக்குள் எல்லாம் செம்மண். உன் மாமா மகன் பீமாராவுக்குச் சிவகங்கைக்கு மாற்றலாகியிருக்கிறது, பெட்டி கட்ட உதவி வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டான்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு. பூனையைக் கீழ்வீட்டு ரோகிணியிடமே கொடுத்துவிடலாம், சாப்பாடும் ஊசியும் அவள் பொறுப்பாக இருக்கட்டும், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நீ சொன்னாயாம். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. ரோகிணியின் போனில், பூனையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொல்லியிருக்கிறாய். மறுநாள் காலையில் அவள் மேலே வந்து முந்தானையைத் திருகிக்கொண்டு, "அக்கா பேசுனாகம்மா. மொக்கராச எங்க வீட்லயே வச்சுக்கிறச் சொன்னாக. ஒங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் என் கை வழியாகப் போயிருக்கின்றன. எனக்கு வரவேண்டிய செய்தியை இன்னொருத்தி வாங்கி வந்து என்னிடம் கொடுத்தது இதுதான் முதல்முறை. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் பூனை தெரியாது என்பது சரிதான். ஆனால் என் குரல் கேட்குமே. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுகிறாய், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாய், வைத்துவிடுகிறாய். பூனையைப் பற்றி மட்டும் அவளிடம் பேசுகிறாய்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், படித்துவிட்டு முடிவு செய். போன மழையில் மொக்கையன் வாளித் தண்ணீரைக் குடித்துக் குடித்து மணல் தட்டை நனைத்துக்கொண்டே இருந்ததும், நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தெரிய இளைத்ததும் உனக்குத் தெரியும். காளவாசலில் டாக்டர் தமிழ்வாணி ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை என்றார். உன் அப்பாவுக்கு இருந்த அதே வியாதி. அவருக்கு ஊசி போட்ட கை என்பதால் எனக்குப் பயமில்லை. மருந்துக் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுவது, ஃப்ரிட்ஜில் உறையாத இடமாகப் பார்த்து வைப்பது, தோளுக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்துக் குத்துவது எல்லாவற்றையும் டாக்டர் ஒருமுறை செய்து காட்டினார், அடுத்த முறை நான் அவருக்குச் செய்து காட்டினேன். விதி இதுதான்: காலையும் மாலையும் மாறாத நேரத்தில் சாப்பாடு, அது சாப்பிட்டதைப் பார்த்தபின் ஊசி. சாப்பிடவில்லை என்றால் ஊசியைத் தொடாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். சோறு கிடையாது, பால் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த டின் உணவும், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியும் மட்டும். நான் ஹாஸ்டலில் சிஸ்டர்களிடம் வளர்ந்தவள். மணி அடித்தால் உட்கார்ந்து, தட்டில் விழுந்ததைச் சிந்தாமல் தின்றுவிட்டு, மணி அடித்தால் எழுந்தவள். எனக்கு இந்த மாதிரி வேலை சுலபம். பூனைக்குத்தான் பிடிக்கவில்லை. என் தட்டை அது தின்னும், ஆனால் பரீட்சை எழுதுகிற பிள்ளையைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு தின்னும்.

ரோகிணியை நீ பார்த்துப் பேசித்தான் குடிவைத்தோம். செல்லம்பட்டிப் பக்கத்துப் பெண், புருஷன் செல்வக்குமார் லோடு வேன் ஓட்டுகிறார். கெட்டவள் இல்லை. அடுப்படிக் கதவைச் சாத்தவே மாட்டாள், பாத்திரத்தைக் குழாயடியில் பரப்பிவிட்டு அரட்டை அடிப்பாள், அவ்வளவுதான் குறை. நான் "மொக்கையா" என்று நீ வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காத பூனை, அவள் கீழேயிருந்து "ஏ மொக்கராசு, எங்கய்யா போன, எம்புட்டு நேரமாத் தேடுறேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் வாலைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும். அவள் மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு, முன்னங்கால் இரண்டாலும் மாவு பிசைவதுபோல் அவள் புடவையைப் பிசையும். என் மடியில் ஒருமுறைகூடப் பிசைந்ததில்லை. நீ இங்கே இருந்தவரை உன் மடியில் பிசையும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, நீ தூக்கிவந்த குட்டி அது. ஆனால் அவளிடம் பிசைவதை மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்று பார்த்திருக்கிறேன். துணி காயப்போட வந்தவளைப்போல், காய்ந்த துணியையே திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். இதற்குப் பொறாமை என்றுதான் பெயர். வேறு பெயர் வைத்து உனக்கு எழுத எனக்கு விருப்பமில்லை.

ஊசி ஆரம்பித்தும் சர்க்கரை இறங்கவில்லை. காதுமடலில் குத்தி நான் பார்க்கும்போதெல்லாம் மேலேயேதான் நின்றது. டாக்டர், வெளியில் எங்கேயாவது சாப்பிடுகிறதா என்று கேட்டார். நான் ரோகிணியைக் கூப்பிட்டு, பூனை உங்கள் வீட்டில் ஏதாவது தின்கிறதா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு வரும் போகும்மா" என்றாள். தின்கிறதா இல்லையா என்று மறுபடியும் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தாள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். என் பூனைக்கு என்னைத் தவிர யாரும் சாப்பாடு போடுவதில்லை என்று டாக்டரிடம் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அப்படியானால் மருந்து போதவில்லை என்று அவர் அளவைக் கொஞ்சம் ஏற்றினார். பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை, நான் சொன்னதை வைத்துத்தான் ஏற்றினார்.

அந்தச் சமயத்தில் ரோகிணி ஊரில் அம்மன் பொங்கல் என்று குடும்பத்தோடு கிளம்பிப் போனாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே கதவு பூட்டிக் கிடந்தது. மொக்கையன் இறங்கிப் போய்ப் பூட்டிய கதவருகே உட்கார்ந்து கத்திப் பார்த்துவிட்டு மேலே வந்தது. வந்துதானே ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சோபாவில் என் பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் படுத்தது. அந்த ஒரு முழமும் குறையும் என்று காத்திருந்தேன். அவர்கள் திரும்புவதற்கு முதல் நாள், காலைச் சாப்பாடும் ஊசியும் முடிந்து நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், பூனை குடித்தவன்போல் தள்ளாடிச் சுவரில் போய் முட்டுகிறது. பின்னங்கால் இரண்டும் தரையில் இழுபடுகின்றன. கூப்பிட்டால் கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. உடம்பு நடுங்குகிறது. உன் அப்பாவுக்கு ஒருமுறை இப்படி வந்ததை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் என்னவென்று உடனே புரிந்துவிட்டது. தேனை விரலில் தொட்டு அதன் ஈறில் தேய்த்தேன், தொண்டையில் ஊற்றவில்லை, ஊற்றினால் புரையேறிவிடும். தேய்த்துக்கொண்டே துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, ஈரத் தலையோடு, தோண்டிப்போட்ட தெருவில் முனைவரைக்கும் நடந்தேன். நம் வீரணன் ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்ததும் அவன் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, பூனைக்கும் சுகரா? எங்க வீட்ல எனக்கு, எங்காத்தாவுக்கு, எம்பொண்டாட்டிக்கு... இந்தச் சாதியையும் விட்டு வைக்கலையா அது?" என்றான். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றேன். ஆனால் திண்டுக்கல் ரோட்டில் அவன் ஓட்டிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன், வழியெல்லாம் "வெலகுங்கய்யா, உசுரு போகுது" என்று ஆம்புலன்ஸ் மாதிரி கத்திக்கொண்டே வந்தான்.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார், சாயங்காலத்துக்குள் தலை தூக்கியது. சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இந்த அளவு மருந்துக்கு இது நடந்திருக்கவே கூடாது, சாப்பாட்டில் ஏதோ திடீரென்று நின்றிருக்கிறது என்றார். என்ன நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ரோகிணி ஊரிலிருந்து வந்து, துண்டுக்குள் கிடந்த பூனையைப் பார்த்ததும், "ஐயையோ, நான் போடுற சோறு இல்லாமத்தான் இப்பிடி ஆயிருச்சா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். என்ன சோறு என்றேன். காலையில் பால்சோறு, மத்தியானம் மீன் குழம்புச் சோறு, "அம்புட்டுத்தாம்மா" என்றாள். இவள் சோறு போடப்போட சர்க்கரை ஏறியிருக்கிறது, ஏறிய சர்க்கரைக்கு நான் மருந்தை ஏற்றியிருக்கிறேன், இவள் ஊருக்குப் போனதும் சோறு நின்றுவிட்டது, மருந்து மட்டும் ஏற்றிய அளவிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தியே விட்டேன். "சோறு போட்டதப் போயிச் சொல்லுவாகளாம்மா? எங்காத்தா மாயக்கா கேட்டுச்சு, வெளக்குமாத்தாலயே என்னிய அடிக்கும்" என்றாள். அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் யார் வந்து நின்றாலும் போடுவார்களாம், போட்டதை வெளியே சொன்னால் அது தின்றவரைக் கேவலப்படுத்துவதாம். அது பூனை, பூனைக்கு என்ன கேவலம் என்று கேட்டேன். "வாசலுக்கு வந்துருச்சுல்லம்மா, பெறகென்ன பூனை மனுசன்னு" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். வியாதி என்று நான் சொன்னது அவளுக்கும் தெரியும், ஆனால் தன் வீட்டுச் சோறு ஒரு உயிருக்கு விஷமாகும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஹாஸ்டலுக்குப் போகும் முன்னாலும் நான் அளந்து போடும் வீட்டில் இருந்தவள். எங்கள் சின்ன வயதில் வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட எங்களிடம் சோறு இருந்ததில்லை. அளக்காமல் போடுகிறவளைப் பார்த்தால் எனக்கு எரிகிறது, அது பூனைக்காக மட்டும் இல்லை.

நம் தெருவில் சிவபாண்டி கடையில்தான் அந்தப் பேச்சுக் கிளம்பியது. "அந்தப் பொண்ணு ஊருக்குப் போன நேரம் பாத்துப் பெரியம்மா ஊசியக் கூட்டிப் போட்டுருச்சுடோய், எல்லாம் வயித்தெரிச்சல்" என்று யாரோ சொல்ல, ரோகிணி கடை முன்னாலேயே நின்று, "எவன்டா சொன்னது? அந்தம்மா இல்லாட்டி அது அன்னைக்கே செத்துருக்கும். தப்பு என்னுது. இனி ஒரு பேச்சு வந்துச்சு, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்" என்று தெருவே கேட்கச் சண்டை போட்டாளாம். இதை வீரணன் வந்து சொன்னான். நன்றி சொல்ல வேண்டியதுதான், சொல்லிவிட்டேன். ஆனாலும் என் நல்ல பெயரைக்கூட அவள் போய் மீட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கிறதே என்பது எனக்குச் செரிக்கவில்லை.

அதைவிடப் பெரியது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மொக்கையன் என் கையால் சாப்பிட மறுத்துவிட்டது. தட்டை வைத்தால் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். சாப்பிடாவிட்டால் ஊசி இல்லை, ஊசி இல்லாவிட்டால் மறுபடியும் பழைய நிலைமை. டாக்டர், யார் வைத்தால் தின்னுமோ அவர் வைக்கட்டும், உணவும் அளவும் மட்டும் மாறக்கூடாது என்றார். நானே படியிறங்கிப் போய் ரோகிணியைக் கூப்பிட்டேன். அந்தப் படிகளை இறங்கியது முழங்காலுக்கு மட்டும் கஷ்டமாக இல்லை. அன்றிலிருந்து அவள் காலையும் மாலையும் மேலே வருகிறாள். நான் அளந்து வைத்த அதே கோழி, நான் கழுவி வைத்த அதே தட்டு. அவள் கையில் வாங்கித் தரையில் வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "தின்னுய்யா, என் ராசால்ல, இதத் தின்னாத்தான் பெரியம்மா ஊசி போடும்" என்கிறாள். ஊசியை இப்படியா அறிமுகப்படுத்துவது? அது தின்கிறது. தின்று முடித்ததும் நான் பின்னாலிருந்து வந்து குத்துகிறேன். அவளிடம் தட்டு, என்னிடம் ஊசி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பா ரயிலடியிலிருந்து பால்கோவா வாங்கி வருவார், விளக்கெண்ணெய் கொடுப்பது என் வேலை. காய்ச்சலில் நீ "அப்பா" என்றுதான் அனத்துவாய், கசாயத் தம்ளரோடு நிற்பவள் நானாக இருப்பேன். அப்போதும் எனக்கு இப்படித்தான் இருந்தது, உன்னிடம் சொன்னதில்லை.

நீ ரோகிணியிடம் சொன்னது என் காதுக்கு வந்தபின் நான் ஒரு காரியம் செய்தேன். பூனை என்னை அண்டாததற்கு ஊசிதான் காரணம் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. எனவே ரோகிணிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் போடுவார்கள் என்று அவளிடம் காரணம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை, ஆனால் என் மனதில் இருந்தது, இவள் கொஞ்ச நாள் குத்தட்டும், நான் தட்டை வைக்கிறேன், அப்புறம் அது யார் மடியில் ஏறுகிறது என்று பார்ப்போம் என்பதுதான். அவள், "ஆத்தாடி, என்னால ஆகாதும்மா" என்று ஊசியை என்னிடமே நீட்டினாள். நான் விடவில்லை. தோலைத் தூக்கிப் பிடித்து, என் கண் முன்னால், சரியான இடத்தில், சரியாகத்தான் குத்தினாள். குத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மொக்கையன் உடம்பை ஒரு உதறு உதறியது. திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு நேராக அவள் மடியில் ஏறி, புடவையைப் பிசைய ஆரம்பித்தது. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த வாரம் முழுவதும் அவள்தான் குத்துகிறாள், இந்த வாரம் முழுவதும் அப்படியேதான் நடக்கிறது. ஆக, காரணம் ஊசி இல்லை, பவதாரிணி.

இப்போது பால்சோறு நின்றுவிட்டது, அவளே நிறுத்திவிட்டாள், பூனை வாசலில் கத்தினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறாளாம். மருந்து பழைய அளவுக்கு வந்துவிட்டது, சர்க்கரையும் படிந்து நிற்கிறது. தட்டு, ஊசி இரண்டும் அவளுக்குத் தெரியும். கீழே கொடுத்தால் பூனைக்கு ஒரு குறையும் வராது. இதை நான் மறைத்தால் உனக்குத் தெரியப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நீ கொடுத்துவிடு என்றால் நானே துண்டில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவேன், முகம் கோண மாட்டேன். ஆனால் என் விருப்பத்தை நீ கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அது இந்த வீட்டில் இருக்க வேண்டும். ரோகிணி இரண்டு வேளையும் மேலே வரட்டும், தட்டும் வைக்கட்டும், மடியிலும் வைத்துக்கொள்ளட்டும், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது என்னிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை. அவள் படி இறங்கிப் போனபின், அந்த ஒரு முழம் தள்ளியாவது அது இங்கே படுத்திருக்க வேண்டும். உன் அப்பாவும் போய், நீயும் போனபின் இந்த வீட்டில் நான் நேரம் தவறாமல் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

நீயும் மாப்பிள்ளை சித்தார்த்தும் உடம்புக்கு ஒன்றும் வராமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நிறைவாக இருக்க வேண்டும் என்று உன் அப்பா படத்துக்கு முன்னால் தினமும் நினைத்துக்கொள்கிறேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காப்பி குடித்துவிட்டுப் போடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். பூனையைப் பற்றிய உன் முடிவு எதுவானாலும் அதை ரோகிணியின் போனில் சொல்லாதே, என் போனிலும் சொல்ல வேண்டாம். ஒரு தாளில், உன் கையெழுத்தில், என் பெயருக்கு எழுதித் தபாலில் போடு.

உன் அம்மா,
அ. ராக்கம்மாள்